'வேண்டாம்' என்றதெல்லாம் ஹிட்: ரன்-டி.எம்.சி திரைமறைவுக் கதை

கறுப்புத் தொப்பி. கறுப்புத் தோல் ஜாக்கெட். கழுத்தில் முறுக்குக் கயிறு கனத்துக்குத் தங்கச் சங்கிலி. காலில் லேஸ் கோக்காத வெள்ளை அடிடாஸ். இந்தக் கோலத்தில் மூன்று பேர் கைகட்டி முறைத்துக்கொண்டு நிற்கும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே அவர்கள் பெயரைச் சுமக்கும் டி-ஷர்ட் ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். போட்டிருப்பவருக்கே அது யார் பெயர் என்று தெரியாமல் இருக்கலாம். அது வேறு விஷயம்!

ரன், டி.எம்.சி, ஜாம் மாஸ்டர் ஜே. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஹாலிஸ் என்ற பேட்டையிலிருந்து கிளம்பி, ராப் இசையை அமெரிக்க வீடுகளின் நடுக்கூடத்துக்குக் கொண்டுபோன மூவர். தங்கத் தகுதி பெற்ற முதல் ராப் ஆல்பம் இவர்களுடையது. எம்டிவியில் வீடியோ ஓடிய முதல் ராப் குழு இவர்கள். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் அட்டைக்கு வந்த முதல் ராப் குழுவும் இவர்களே. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் கணக்குப் போட்டுக் காய் நகர்த்தியதுபோல அத்தனை கச்சிதமாகத் தெரியும்.

ஆனால் திரையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், சிரிப்பு தாங்காது! குழுவின் பெயர் அவர்களுக்கே பிடிக்காத பெயர். பாடும் இருவரில் ஒருவரைச் சேர்க்கவே கூடாது என்று மேனேஜர் அடம்பிடித்தார். அவர்களை உலகப் புகழுக்குத் தூக்கிய பாட்டை 'இதையெல்லாம் பாட முடியாது' என்று அவர்களே ஒதுக்கித் தள்ளினார்கள். இந்தக் கதையில் 'வேண்டாம்' என்ற சொல் விழுந்த இடமெல்லாம் ஒரு ஹிட் முளைத்திருக்கிறது. அந்த 'வேண்டாம்'களை மெல்லத் தள்ளிவிட்டு 'செய்துதான் பார்ப்போமே' என்று சொன்ன ஆள் யார் என்று தேடினால், பெரும்பாலும் மேடையின் பின்புறம், இரண்டு டர்ன்டேபிள்களுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தவர்தான் கிடைப்பார். அவரை அப்புறம் பார்ப்போம். முதலில் ஹாலிஸ்.

காமிக்ஸ் விற்று வாங்கிய டர்ன்டேபிள்

எழுபதுகளின் கடைசி. ராப்பை உள்ளடக்கிய ஹிப்-ஹாப் பிறந்த இடம் நியூயார்க்கின் இன்னொரு பகுதியான பிராங்ஸ். வறுமையும் எரிந்த கட்டடங்களும் நிறைந்த பகுதி. ஹாலிஸ் அப்படியில்லை. தனி வீடுகள், முன்னால் புல்வெளி, வேலைக்குப் போகும் அப்பா அம்மா. பிராங்ஸ்காரர்கள் பார்வையில் குயின்ஸ் பையன்கள் வசதியாக வளர்ந்த பிள்ளைகள். அந்தக் கேலி பின்னால் வரப்போகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோசப் சிம்மன்ஸ் (பின்னாளில் ரன்), டேரில் மெக்டேனியல்ஸ் (பின்னாளில் டி.எம்.சி, சுருக்கமாக டி) இருவரும் 1964-ல் பிறந்த ஹாலிஸ் சிநேகிதர்கள். ஜோசப்பின் அண்ணன் ரஸ்ஸல் சிம்மன்ஸ் அப்போதே ராப் நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தார். கர்டிஸ் ப்ளோ என்ற பெரிய ராப் நட்சத்திரத்துக்கு அவர்தான் மேனேஜர். அண்ணன் தயவில் பள்ளிக்கூட வயதிலேயே ஜோசப்புக்கு மேடை கிடைத்தது. 'கர்டிஸ் ப்ளோவின் மகன்' என்ற பட்டத்தோடு டிஜேவாக நின்றார்.

டேரிலுக்கு அண்ணன் தயவெல்லாம் இல்லை. கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள பையன். உயிர் முழுக்கக் காமிக்ஸ் புத்தகங்களில். அந்தக் காமிக்ஸ்களை விற்ற காசில்தான் டர்ன்டேபிள் வாங்கினார்! வீட்டு நிலவறையில் பிராங்ஸ் டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷின் கேசட்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக ராப் வரிகளை எழுதிக் குவித்தார். எழுதியதை ஊருக்கு முன்னால் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

மூன்றாமவர் ஜேசன் மிசெல், பின்னாளில் ஜாம் மாஸ்டர் ஜே. புரூக்ளினில் பிறந்து சிறு வயதில் ஹாலிஸுக்குக் குடிவந்தவர். டிரம்ஸ் தெரியும், பேஸ் கிடார் தெரியும், டர்ன்டேபிள் கைவந்த கலை. அதைவிட முக்கியம், பேட்டையில் அவருக்கு இருந்த மதிப்பு. அவர் போட்டதுதான் அங்கே ஃபேஷன். இந்தத் தகவலையும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரா இது? கூடவே கூடாது!

ஜோசப் தன் நண்பனோடு சேர்ந்துதான் பாடுவேன் என்கிறார். ரஸ்ஸல் மறுக்கிறார். டேரில் ராப் சொல்லும் பாணியே அவருக்குப் பிடிக்கவில்லை. தம்பி விடவில்லை. கெஞ்சல், நச்சரிப்பு, சண்டை எல்லாம் முடிந்து கடைசியில் அண்ணன் இறங்கி வருகிறார். சரி, இருவரும் பாடட்டும். ஆனால் பெயர் நான் வைப்பதுதான்!

வைத்தார்: ரன்-டி.எம்.சி.

இருவருக்கும் தலையில் இடி. அந்தக் காலத்து ராப் குழுக்களின் பெயர்களைப் பாருங்கள். 'ஃப்யூரியஸ் ஃபைவ்', 'ட்ரெச்சரஸ் த்ரீ', 'ஃபன்டாஸ்டிக் ஃபைவ்'. கேட்டாலே சினிமா போஸ்டர் கண்முன் வரும். அந்த வரிசையில் தங்களுக்கும் ஒரு மிடுக்கான பெயர் வேண்டும் என்று கனவு கண்டவர்களுக்கு, ஏதோ அரசாங்க அலுவலகத்தின் சுருக்கெழுத்துப் போல ஒரு பெயர்! கெஞ்சிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1983-ல் ப்ரொஃபைல் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் அந்தப் பெயரே அச்சாகி வந்தது. இன்று டி-ஷர்ட்டுகளில் ஓடுவதும் அதுதான்.

பேஸ் வாசிப்பவர் பேஸைத் தூக்கிப் போட்ட கதை

அந்த முதல் இசைத்தட்டின் முன்பக்கம் 'இட்ஸ் லைக் தட்'. பின்பக்கம் 'சக்கர் எம்.சி.ஸ்'. உண்மையான வெடிகுண்டு பின்பக்கத்தில்தான் இருந்தது.

அதுவரை ராப் இசைத்தட்டு எப்படித் தயாராகும் தெரியுமா? ஸ்டூடியோவில் ஒரு முழு வாத்தியக் குழு உட்கார்ந்து, ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கோ மெட்டு ஒன்றைத் திரும்ப வாசிக்கும். அதன் மேல் ராப். 1979-ல் ஷுகர்ஹில் கேங் கொடுத்த 'ராப்பர்ஸ் டிலைட்' அப்படித்தான் 'ஷீக்' குழுவின் 'குட் டைம்ஸ்' மெட்டின் மேல் ஏறி உலகம் சுற்றியது. கேட்க இனிமை. ஆனால் பூங்காவில், தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் இழுத்து, இரண்டு டர்ன்டேபிளோடு இரவு முழுக்க நடந்த அசல் ஹிப்-ஹாப்பின் ஓசை அதுவல்ல. அங்கே பாட்டு எதுவும் முழுசாக ஓடாது. டிரம்ஸ் மட்டும் தனியாக அடிக்கும் சில விநாடிகளை டிஜே திருப்பித் திருப்பிப் போடுவார். வெறும் தாளம், மேலே வார்த்தை. அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் லாரி ஸ்மித் அந்த ஓசையை அப்படியே ஸ்டூடியோவுக்குள் கொண்டுவந்தார். ஓபர்ஹைம் டி.எம்.எக்ஸ் என்ற டிரம் மெஷின் ஒன்று. கொஞ்சம் கைதட்டல் ஒலி. ஆங்காங்கே இசைத்தட்டை முன்னும் பின்னும் தேய்க்கும் ஸ்க்ராட்ச். முடிந்தது! மெட்டு இல்லை, கீபோர்டு இல்லை, பேஸ் இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், லாரி ஸ்மித்தே ஒரு பேஸ் கலைஞர். தன் சொந்த வாத்தியத்துக்கே அந்தப் பாட்டில் இடம் தரவில்லை அந்த மனிதர்.

அந்த மொட்டைத் தாளத்தின் மேல் ரன், டி இருவரும் கூவினார்கள். கொஞ்சிப் பேசும் பழைய பாணி கிடையாது; சத்தமாக, முரட்டுத்தனமாக. அதோடு ஒரு தனி வித்தையும் அவர்களிடம் உண்டு. ஒருவர் வரியைத் தொடங்குவார், கடைசிச் சொல்லை மற்றவர் பிடுங்கி முடிப்பார். சில இடங்களில் ஒரே வரிக்குள் மூன்று தடவை குரல் மாறும். இரண்டு பேரும் பல வருடம் ஒன்றாகச் சுற்றித் திரிந்தால் ஒழிய இந்த விளையாட்டு கைகூடாது. ரஸ்ஸல் சேர்க்க மறுத்த அந்தக் கரகரத்த குரல்தான் இப்போது குழுவின் அடையாளமே! ஒரே இரவில் அதற்கு முந்தைய ராப் இசைத்தட்டுகள் எல்லாம் பழசாகத் தெரிய ஆரம்பித்தன. ஓல்டு ஸ்கூல், நியூ ஸ்கூல் என்று இன்று ராப் ரசிகர்கள் பிரிக்கிறார்களே, அந்தக் கோட்டை இழுத்தது இந்தப் பின்பக்கப் பாட்டு.

கட்டம் போட்ட கோட்டு

பாட்டு ஹிட். இனி மேடை. பிராங்ஸில் 'டிஸ்கோ ஃபீவர்' என்று ஒரு கிளப். ராப் உலகின் பெருந்தலைகள் எல்லாம் கூடும் இடம். அங்கே நம் குயின்ஸ் பையன்கள் எப்படிப் போனார்கள் தெரியுமா? கட்டம் போட்ட கோட்டு மாட்டிக்கொண்டு! நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள்போல. பெருந்தலைகள் சிரித்த சிரிப்பை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ராப் நட்சத்திரங்கள் மேடைக்கென்றே தைத்த உடையில் வருவார்கள். ஃப்யூரியஸ் ஃபைவ் குழு தோலும் குஞ்சலமும் ஆணி பதித்த பட்டைகளுமாக ஜொலிக்கும். அவர்களைப்போல உடுத்தவும் வராது, கட்டம் போட்ட கோட்டும் எடுபடவில்லை. என்ன செய்வது?

ரஸ்ஸலின் கண் குழுவின் டிஜேவாகச் சேர்ந்திருந்த ஜே மேல் விழுந்தது. பையன் வழக்கம்போலத் தன் தெரு உடையில் இருந்தான். கறுப்புத் தோல் ஜாக்கெட், தொப்பி, லீ ஜீன்ஸ், லேஸ் இல்லாத அடிடாஸ். நாக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைக் காலணி. ரஸ்ஸல் மற்ற இருவரிடமும் சொன்னது இதுதான்: இவனைப்போல உடுத்துங்கள். தீர்ந்தது பிரச்சினை!

உலகம் முழுக்கப் பரவிய ரன்-டி.எம்.சி பாணி என்பது உண்மையில் ஜாம் மாஸ்டர் ஜேயின் அலமாரி. ஆடை வடிவமைப்பாளரும் இல்லை, ஆலோசனைக் கூட்டமும் இல்லை. ரசிகர்கள் தலைகால் புரியாமல் ஆடியதற்கு இதுவே காரணம்: தாங்கள் தெருவில் போட்டுத் திரியும் அதே உடை மேடையில்! ஒரே மாதிரி உடுத்தியதால் டிஜேயும் பாடகர்களுக்குச் சமமான மூன்றாவது ஆளாகத் தெரிந்தார். குழுவின் பெயரில்தான் அவர் இல்லை; படத்தில் எப்போதும் இருந்தார். அவரைப் பற்றியே பாட்டுகளும் வந்தன.

இல்லாத மியூசியத்தில் நுழைந்தவர்கள்

1984-ல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம். ராப் என்றால் ஒற்றைப் பாட்டு இசைத்தட்டுதான் விற்கும், ஆல்பமெல்லாம் போணியாகாது என்று கம்பெனிகள் நம்பிக்கொண்டிருந்த காலம். அது ஐந்து லட்சம் பிரதிகளைத் தாண்டித் தங்கம் தொட்டது. அதிலிருந்த 'ராக் பாக்ஸ்' பாட்டில் எடி மார்டினெஸ் என்ற கிடார் கலைஞர் ராக் இசையின் உறுமலை ராப்புக்குள் இறக்கினார். அதன் வீடியோவை நியூயார்க்கின் 'டான்ஸ்டீரியா' கிளப்பில் எடுத்தார்கள். தொடக்கத்தில் இர்வின் கோரி என்ற வயதான நகைச்சுவை நடிகர் பேராசிரியர் வேஷத்தில் தோன்றி ராப் பற்றித் தலையும் வாலும் இல்லாமல் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். கறுப்பினக் கலைஞர்களுக்குக் கதவைச் சரியாகத் திறக்காத எம்டிவியில் இந்த வீடியோ நுழைந்தது.

1985-ல் 'கிங் ஆஃப் ராக்'. ராப் பாடுகிறவர்கள் தங்களை ராக் இசையின் ராஜா என்று அறிவித்துக்கொள்கிறார்கள்! வீடியோ இன்னும் தூள். இருவரும் ஒரு 'ராக் அண்ட் ரோல் மியூசியத்துக்குள்' நுழையப் போகிறார்கள். வாசல் காவலர், உங்களுக்கு இங்கே இடமில்லை என்று சிரிக்கிறார். இவர்கள் தள்ளிக்கொண்டு உள்ளே போய், பழைய ராக் நட்சத்திரங்களின் படங்களை நக்கலாகப் பார்த்து, மைக்கேல் ஜாக்சனின் மினுமினுக்கும் கையுறையைக் காலால் மிதிக்கிறார்கள். அப்போது நிஜத்தில் கிளீவ்லாந்தில் ராக் அண்ட் ரோல் மியூசியம் கட்டப்படவே இல்லை, 1995-ல்தான் திறந்தார்கள். கட்டாத கட்டடத்துக்கு முன்கூட்டியே சண்டை போட்டு இடம் பிடித்து வைத்தார்கள் ஹாலிஸ்காரர்கள்.

அதே வருடம் ஜூலை 13 அன்று பிலடெல்ஃபியாவில் லைவ் எய்ட் என்ற நிவாரண நிதி இசை நிகழ்ச்சியின் மேடை. பெரிய பெரிய ராக் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரே ராப் குழு இவர்கள்.

அந்தப் பாட்டா? ஆளை விடுங்கள்!

இப்போது வருகிறது விருந்தின் நடுப்பந்தி. 1986, மூன்றாவது ஆல்பமான 'ரெய்ஸிங் ஹெல்' தயாராகிக்கொண்டிருக்கிறது. ரஸ்ஸலோடு சேர்ந்து அதைத் தயாரித்தவர் ரிக் ரூபின். நியூயார்க் பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்து டெஃப் ஜாம் கம்பெனியைத் தொடங்கிய தாடிக்கார இளைஞர், ராக் இசைப் பித்தர்.

ஸ்டூடியோவில் ஜே ஒரு பழைய இசைத்தட்டின் டிரம்ஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார். ஏரோஸ்மித் என்ற ராக் குழுவின் 1975-ம் வருடத்து ஆல்பம் 'டாய்ஸ் இன் தி ஆட்டிக்'. அதில் 'வாக் திஸ் வே' பாட்டின் தொடக்கத் தாளம். ஹிப்-ஹாப் டிஜேக்களுக்கு அந்தச் சில விநாடிகள் பொக்கிஷம். ஆனால் பாட ஆரம்பிப்பதற்குள் தட்டைப் பின்னால் இழுத்துவிடுவார்கள். பாடுகிறவர் யார் என்று யாருக்குத் தேவை? போட்டி டிஜேக்கள் பார்த்துவிடக் கூடாது என்று இசைத்தட்டின் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துப் போடும் பழக்கம் வேறு அந்த உலகில் உண்டு! எனவே ரன்னுக்கும் டிக்கும் அந்தப் பாட்டின் தாளம் அத்துப்படி. குழுவின் பெயர் மட்டும் தெரியாது. அட்டையில் போட்டிருந்த 'டாய்ஸ் இன் தி ஆட்டிக்' என்பதையே குழுவின் பெயர் என்று நினைத்திருந்தார்கள்.

ரூபினுக்குச் சட்டென்று யோசனை பிறக்கிறது. இந்தத் தாளத்தை மட்டும் எடுக்க வேண்டாம், பாட்டையே முழுசாகப் பாடுங்கள். அதுவும் ஏரோஸ்மித்தையே கூப்பிட்டு! வீட்டுக்குப் போய் வரிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

இருவரும் டியின் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து முதன்முதலாக அந்தப் பாட்டைத் தாளத்துக்கு அப்பாலும் கேட்டார்கள். கேட்டதும் கொதித்துப் போனார்கள். இதென்ன பட்டிக்காட்டு உளறல்? ஒரு சொல்லும் புரியவில்லை. இதைப் பாடினால் எங்கள் பெயர் என்ன ஆவது? தொலைபேசியில் கத்தித் தீர்த்தார்கள். அவர்கள் விருப்பமெல்லாம் அந்தத் தாளத்தின் மேல் தாங்களே எழுதிய ராப்பைச் சொல்வதுதான். 'பாடித்தான் பாருங்களேன்' என்று ரூபினின் பக்கம் நின்றவர் ஜே.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. மேஜிக் வென்ச்சர்ஸ் ஸ்டூடியோ. ஏரோஸ்மித்தின் பாடகர் ஸ்டீவன் டைலரும் கிடார் கலைஞர் ஜோ பெர்ரியும் வந்து இறங்குகிறார்கள். எழுபதுகளில் அரங்குகளை நிரப்பியவர்கள். இப்போது போதையிலும் சறுக்கலிலும் தள்ளாடி, முந்தைய வருடம் வந்த ஆல்பமும் படுத்துக் கிடந்த நேரம். அந்த ஒரு நாள் வேலைக்கு அவர்கள் வாங்கிய தொகை 8,000 டாலர் என்று சொல்வார்கள். பெர்ரி கிடார் வாசித்து முடித்தார். பேஸும் வேண்டுமே! ஸ்டூடியோவில் பேஸ் கிடார் இல்லை. வேடிக்கை பார்க்க வந்து ஓரமாக நின்ற குறும்புக்காரப் பையன்களில் ஒருவர், என்னிடம் இருக்கிறது என்று ஓடிப்போய் எடுத்து வந்தார். அந்தப் பையன்கள் யார் தெரியுமா? பீஸ்டி பாய்ஸ்! அதே வருடக் கடைசியில் தங்கள் முதல் ஆல்பத்தால் அமெரிக்காவையே உலுக்கப் போகிறவர்கள்.

ரன்னும் டியும் அன்று பாடியது என்னவோ கடமைக்குத்தான். மனசே ஒட்டாமல் ஒப்பித்துவிட்டு நழுவிவிட்டார்கள். கேட்டுப் பார்த்தால் உப்புச்சப்பில்லை. ஜே விடவில்லை. திரும்ப வரச்சொல்லி, டைலரைப்போலப் பாட முயலாமல் ரன்-டி.எம்.சி ஆகவே பாடுங்கள், வரிகளைப் பிரித்துப் பிடுங்கி விளையாடுங்கள் என்று தட்டிக்கொடுத்துப் பாட வைத்தார். இரண்டாவது முறை பாடியதுதான் இன்று நாம் கேட்கும் வடிவம்.

வீடியோவுக்குள்ளும் எட்டிப் பார்க்கலாமா? நியூ ஜெர்சியின் யூனியன் சிட்டியில் ஒரு பழைய தியேட்டர். ஜான் ஸ்மால் இயக்கம். சுவரின் இந்தப் பக்கம் ராப் குழு, அந்தப் பக்கம் ராக் குழு. ஒருவர் சத்தத்தில் மற்றவருக்கு எரிச்சல். டைலர் மைக் ஸ்டாண்டால் சுவரை இடித்துத் தலையை நீட்டுவார். உன்னித்துப் பாருங்கள், டைலரும் பெர்ரியும் மட்டும்தான் அசல் ஏரோஸ்மித். பின்னால் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு வாசிக்கும் மற்றவர்கள் 'ஸ்மாஷ்டு கிளாடிஸ்' என்ற வேறொரு குழுவின் ஆட்கள்!

பில்போர்டு பட்டியலில் அந்தப் பாட்டு 4-வது இடம் வரை ஏறியது. 1977-ல் ஏரோஸ்மித்தின் அசல் பாட்டு தொட்டது 10-வது இடத்தைத்தான். 'ரெய்ஸிங் ஹெல்' முப்பது லட்சத்தைத் தாண்டி விற்றது. ஏரோஸ்மித்துக்கோ மறுபிறவி, அடுத்த வருடமே புது ஆல்பத்தோடு மறுபடி உச்சிக்குப் போனார்கள்.

காலணியைக் கழற்றித் தூக்கிப் பிடியுங்கள்!

அதே ஆல்பத்தில் 'மை அடிடாஸ்' என்று ஒரு பாட்டு. காலணி விளம்பரம்போலத் தெரியும்; உண்மையில் அது ஒரு பதிலடி. சிறைக்குள் கைதிகளின் காலணி லேஸைப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் லேஸ் இல்லாமல் திரியும் பையன்களைப் பார்த்தால் சிறைக்குப் போய் வந்தவர்கள் என்ற எண்ணம் பெரியவர்களுக்கு. குயின்ஸைச் சேர்ந்த ஜெரால்டு டீஸ் என்ற மருத்துவர் 'ஃபெலன் ஸ்னீக்கர்ஸ்' என்று இதைக் கண்டித்து ஒரு பாட்டே வெளியிட்டார். டிக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் காலணி எந்தெந்த நல்ல இடத்துக்கெல்லாம் போயிருக்கிறது தெரியுமா என்று திருப்பிப் பாடினார்கள்.

1986 ஜூலை 19. மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் நிரம்பி வழிகிறது. அடிடாஸ் கம்பெனியைச் சேர்ந்த ஏஞ்சலோ அனஸ்டாசியோ கூட்டத்தில் இருக்கிறார். வரவழைத்தது குழுவின் ஆட்கள்தான். பாட்டுக்கு முன்னால் ரன் கூட்டத்தைப் பார்த்து, உங்கள் அடிடாஸைத் தூக்கிக் காட்டுங்கள் என்கிறார். ஆயிரக்கணக்கான கைகள் மேலே போகின்றன, ஒவ்வொன்றிலும் மூன்று கோடு போட்ட காலணி! அனஸ்டாசியோவுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பத்து லட்சம் டாலர் அளவிலான ஒப்பந்தம் கையெழுத்தானது. விளையாட்டு வீரர் அல்லாதவர்களுக்குக் காலணிக் கம்பெனிகள் அதுவரை இப்படிப் பணம் கொட்டியதில்லை. இன்று ராப் நட்சத்திரங்கள் தங்கள் பெயரில் காலணி விற்றுக் கோடிகள் குவிக்கிறார்களே, அந்தக் கல்லாப்பெட்டி முதலில் திறந்தது அந்த இரவில்தான். மூல காரணம் யார்? லேஸ் இல்லாமல் ஹாலிஸில் சுற்றிக்கொண்டிருந்த ஜே!

எல்லா இரவும் திருவிழாவாக இருக்கவில்லை. அடுத்த மாதமே கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் இவர்கள் மேடையேறும் முன் கும்பல் சண்டை வெடித்துப் பலர் காயமடைந்தார்கள். போதைக்கு எதிராகவும் படிப்புக்கு ஆதரவாகவும் பாடிய குழுவின் மேல் பழி விழுந்தது. அப்படியும் டிசம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' அட்டையில் சிரித்தார்கள்.

மேடை இறங்கிய பிறகு

ராப் உலகில் ஐந்து வருடம் என்றால் ஒரு யுகம். 1988-ல் 'டஃபர் தேன் லெதர்' வந்தபோது பப்ளிக் எனிமி போன்ற புதியவர்கள் ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். 1990-ல் வந்த ஆல்பம் எடுபடவில்லை. 1993-ல் 'டவுன் வித் தி கிங்' வழியாக மீண்டு வந்தார்கள். ரன் மதபோதகராகி 'ரெவரெண்ட் ரன்' ஆனார்.

டியின் கதைதான் மனசைப் பிசையும். குரல்நாண் பாதிப்பால் அந்த உறுமும் குரலே நசிந்துபோனது, மனச்சோர்வு கவிந்தது. அந்த நாட்களில் தன்னைப் பிடித்து நிறுத்தியது சாரா மெக்லாக்லன் பாடிய 'ஏஞ்சல்' என்கிறார். 35 வயதில்தான் தான் தத்தெடுக்கப்பட்ட பிள்ளை என்று அவருக்குத் தெரியவந்தது. பிறகு அதைப் பற்றி ஒரு பாட்டு செய்யச் சாராவையே அழைத்தார். அப்போது தெரிந்தது, சாராவும் தத்துப் பிள்ளைதான்! இப்போது டி காமிக்ஸ் புத்தகங்கள் வெளியிடுகிறார். டர்ன்டேபிளுக்காக விற்றதை வட்டியோடு மீட்டுவிட்டார் எனலாம்.

நடுவில் ஒரு கூத்து. ஜேசன் நெவின்ஸ் என்பவர் 'இட்ஸ் லைக் தட்' பாட்டை எடுத்து நடனத் தாளத்தோடு ரீமிக்ஸ் செய்தார். மூவரின் கை படாமலே 1998-ல் அது பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. வெளியிட்ட ஆறு பாட்டுகளையும் முதலிடத்துக்கு ஏற்றியிருந்த ஸ்பைஸ் கேர்ள்ஸ், ஏழாவது பாட்டை இரண்டாமிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. தடுத்தது 15 வருடத்துக்கு முந்தைய குரல்கள்!

ஜே என்ன செய்துகொண்டிருந்தார்? வழக்கம்போல, பின்னால் நின்று மற்றவர்களை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். ஓனிக்ஸ் என்ற ராப் குழுவை வளர்த்தார். ஹாலிஸுக்குப் பக்கத்தில் வளர்ந்த 50 சென்ட் என்ற இளைஞனுக்குப் பாட்டை எப்படிக் கட்டுவது என்று சொல்லிக்கொடுத்தார். 2002-ல் நியூயார்க்கில் டிஜே பள்ளி ஒன்று தொடங்கக் கைகொடுத்தார். அதே வருடம் அக்டோபர் 30 அன்று குயின்ஸில் தன் ஸ்டூடியோவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 37. சில நாட்களில் ரன்னும் டியும் குழுவைக் கலைப்பதாக அறிவித்தார்கள். பெயரில் இல்லாத அந்த மூன்றாவது ஆள் போனதும் குழுவே இல்லை. யார் எதைத் தாங்கிக்கொண்டிருந்தார் என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

2009-ல் கிளீவ்லாந்தின் அதே மியூசியம், அதாவது ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், அவர்களைச் சேர்த்துக்கொண்டது. வரவேற்றுப் பேசியவர் எமினெம், தலையில் கறுப்புத் தொப்பியோடு! 1985 வீடியோவில் வாசல் காவலர் சிரித்தாரே, அந்தக் கணக்கு நேரானது.

அதோடு முடியவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நாட்டின் ஒலிச் செல்வங்கள் என்று தேர்ந்தெடுத்துக் காலாகாலத்துக்கும் பாதுகாக்கும் பதிவுகளின் பட்டியல் ஒன்று உண்டு. 2018-ல் அறிவித்த பட்டியலில் 'ரெய்ஸிங் ஹெல்' ஆல்பமும் இடம்பிடித்தது. அதன் நான்காவது பாட்டு 'வாக் திஸ் வே'. தங்கள் மானமே போய்விடும் என்று இரண்டு பையன்கள் நிலவறையில் உட்கார்ந்து கத்திய அதே பட்டிக்காட்டு உளறலை, அதைப் பாடச்சொல்லி ஜே பிடித்த பிடிவாதத்தோடு சேர்த்து, இப்போது ஒரு நாடே பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறது!